ஜப்பானில் சென்டோ என்னும் பொதுக் குளியலகத்துக்கு முதல்முறை போகிற பயணி என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

சென்டோவில் இருக்கும் பெரும்பாலான கட்டுப்பாடுகளுக்குக் காரணம் ஒன்றுதான். வெந்நீர்த் தொட்டி எல்லோருக்கும் பொது. ஆளுக்கு ஆள் தண்ணீர் மாற்றுவதில்லை. அதே தண்ணீர் வடிகட்டி வழியாகச் சுழன்று திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலும் இரவு கடை மூடிய பிறகுதான் தொட்டியைக் காலி செய்து கழுவுவார்கள். அதனால் அழுக்குத் தேய்த்துக் குளிப்பது தொட்டிக்கு வெளியே. தொட்டி ஊறுவதற்கு மட்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் விதிகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

எங்கே போவது என்பதை முதலில் தீர்மானியுங்கள். அக்கம்பக்கத்து மக்கள் வந்துபோகும் சாதாரண சென்டோவுக்கு அந்தந்த மாகாண நிர்வாகமே கட்டண உச்சவரம்பு வைக்கிறது. டோக்கியோவில் பெரியவர்களுக்கு 2024 ஆகஸ்டில் அது 550 யென் ஆனது. 'சூப்பர் சென்டோ' என்பது உணவகம், ஓய்வறை எல்லாம் உள்ள பெரிய வணிக வளாகம். அதற்கு இந்த வரம்பு கிடையாது, கட்டணமும் கூடுதல். பச்சை குத்தியவர்களைச் சூப்பர் சென்டோக்களும் விடுதிகளின் பொதுக் குளியலறைகளும் பல நேரம் உள்ளே விடாது. சாதாரண சென்டோக்கள் பெரும்பாலும் விடும். சந்தேகம் இருந்தால் பணம் கொடுக்கும் முன்பே குத்திய பச்சையைக் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது. முதல்முறை போகிறவருக்கு என் பரிந்துரை சாதாரண சென்டோதான். 1968-ல் நாடு முழுக்க ஏறத்தாழ 18,000 இருந்தவை, வீடுதோறும் குளியலறை வந்தபின் 2,000-க்கும் கீழே வந்துவிட்டன. இருக்கும்போதே பார்த்துவிட வேண்டிய இடம் அது.

பெரும்பாலானவை மாலை 3, 4 மணிக்குத்தான் திறக்கும். இரவு 10 முதல் 12 மணிக்குள் மூடும். வாரத்தில் ஒருநாள் விடுமுறை, அது கடைக்குக் கடை மாறும். திறந்தவுடன் போனால் தண்ணீர் புதிதாக இருக்கும். ஆனால் அந்த நேரம் தினசரி வரும் முதியவர்களால் நிறைந்திருக்கும். இரவு 8 மணிக்கு மேல் போவது புதியவருக்கு வசதி.

கையில் ஒரு சிறிய மெல்லிய துண்டு, துவட்ட ஒரு பெரிய துண்டு, சோப்பு, ஷாம்பு. டோக்கியோவில் பல இடங்களில் சோப்பும் ஷாம்பும் வைத்திருப்பார்கள். ஒசாகா, கியோட்டோ பக்கம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். எதுவும் இல்லாமல் போனாலும் கவுண்டரில் 'தெபுரா செட்' என்று கேட்டால் துண்டும் சோப்பும் வாடகைக்கோ விலைக்கோ கிடைக்கும். ரொக்கமாகவே வைத்திருங்கள். 10, 100 யென் நாணயங்கள் கட்டாயம் வேண்டும்; தலை உலர்த்தும் கருவிக்குச் சில நிமிடங்களுக்கு 20 யென் மாதிரி போட வேண்டியிருக்கும்.

வாசலில் செருப்பைக் கழற்றிச் சிறு பெட்டியில் வைத்து, பூட்டிலிருந்து மரப்பலகைச் சாவியை உருவிக்கொள்ளுங்கள். அடுத்து, துணித் திரை தொங்கும் இரண்டு வழிகள். வழக்கமாக ஆண்களுக்கு நீலம், பெண்களுக்குச் சிவப்பு. நிறத்தை மட்டும் நம்பாமல் எழுத்தையும் பாருங்கள்: மேலே நான்கு கட்டம் போட்ட சதுரம் இருந்தால் அது ஆண்கள் பக்கம். சில இடங்களில் இரு பக்கங்களையும் நாள் மாற்றி மாற்றி விடுவார்கள் என்பதால், இரண்டாவது முறை போகும்போதும் பார்த்துவிட்டே நுழையுங்கள். பழைய கடைகளில் ஆண், பெண் உடைமாற்றும் அறைகள் இரண்டையும் பார்க்கும்படி உயரமான மேடையில் ஒருவர் உட்கார்ந்து பணம் வாங்குவார். 'பந்தாய்' எனப்படும் அந்த அமைப்பு இப்போது குறைந்துவிட்டது.

நம்மவர்கள் தயங்குகிற இடம் உடைமாற்றும் அறை. முழுதாக அவிழ்க்க வேண்டும். ஜட்டி, நீச்சலுடை, இடுப்பில் கட்டிய துண்டு எதற்கும் தொட்டியில் அனுமதி இல்லை. துணியிலிருந்து நூலும் சலவைத்தூளும் பொதுத் தண்ணீரில் கலக்கும் என்பதுதான் காரணம். கூச்சமாக இருந்தால் நடக்கும்போது சிறிய துண்டை முன்னால் பிடித்துக்கொள்ளலாம், அங்குள்ளவர்களும் அப்படித்தான் போவார்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஆண், பெண் பகுதிகளுக்கு நடுச்சுவர் உண்டு. பல இடங்களில் அது கூரையைத் தொடாது என்பதால் குரல் மட்டும் கேட்கும். கைப்பேசியைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். உடைமாற்றும் அறையில் அதை வெளியே எடுப்பதே பெரிய தவறு.

உள்ளே நுழைந்ததும் ஒரு குட்டி முக்காலியும் வாளியும் எடுத்துக் குழாய் முன் உட்காருங்கள். பல சென்டோக்களில் அந்த வாளி மஞ்சள் பிளாஸ்டிக்கில், 'கெரோரின்' என்னும் வலிமாத்திரையின் விளம்பரத்தோடு இருக்கும். 1963-ல் தொடங்கிய வழக்கம். டோக்கியோ பக்கத்து வாளியைவிட ஒசாகா பக்கத்து வாளி சிறியது. அங்கே தொட்டியிலிருந்தே மொண்டு ஊற்றிக்கொள்வார்கள், பெரிய வாளியாக இருந்தால் கனக்கும்.

சிவப்பு அடையாளம் வெந்நீர், நீலம் குளிர்ந்த தண்ணீர். பழைய குழாய்களில் இரண்டும் தனித்தனியாக வரும். வாளியில் முதலில் தண்ணீரைப் பிடித்து, பிறகு வெந்நீரைக் கலக்குங்கள். உட்கார்ந்தபடியே குளியுங்கள், நின்றால் பக்கத்தில் இருப்பவர் மேல் தெறிக்கும். தலையில் தேங்காய் எண்ணெய் இருந்தால் ஷாம்பு போட்டு முழுதும் போக்கிவிடுங்கள், எண்ணெய் தொட்டியில் படலமாக மிதக்கும். நீளமான கூந்தலைக் கொண்டை போட வேண்டும். குளிக்கும்போதே உள்ளாடையைக் கசக்கிப் பிழியும் பழக்கம் அங்கே ஆகாது.

சோப்பு நுரை துளியும் இல்லாமல் அலசிய பின்தான் தொட்டி. சூடு பெரும்பாலும் 42 டிகிரிக்கு மேலேயே இருக்கும். டோக்கியோவின் பழைய கடைகளில் 44 வரைகூடப் போகும். நேராகக் குதித்தால் அலறிக்கொண்டு வெளியே வருவீர்கள். முதலில் காலில், பிறகு தொடையில், தோளில் என்று நாலைந்து வாளி ஊற்றி உடம்பைப் பழக்குங்கள். வெந்நீர் வந்து விழும் வாயிலிருந்து தள்ளி மெல்ல இறங்கி, அசையாமல் இருங்கள். தோலை ஒட்டிய நீர் உடம்பு பட்டுச் சற்றே ஆறியிருக்கும். கையை ஆட்டினால் அந்த அடுக்கு கலைந்து சூடு உறைக்கும். பக்கத்தில் ஒருவர் இறங்கினாலே இது தெரியும். சூடு தாங்கவில்லை என்று குளிர்ந்த தண்ணீர்க் குழாயை நீங்களாகத் திறக்காதீர்கள். பல கடைகளில் சூடு குறைந்த இன்னொரு தொட்டி இருக்கும், அங்கே போங்கள். துண்டு தண்ணீரில் படக்கூடாது. தலைமேல் மடித்து வையுங்கள். தலையை முக்குவதும் நீந்துவதும் கூடாது.

மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும்; எழுந்து இளைப்பாறி மறுபடி இறங்கலாம். எழும்போது விளிம்பைப் பிடித்து மெதுவாக எழுங்கள். சூட்டில் ரத்தக்குழாய்கள் விரிந்திருக்கும், உடம்பைச் சுற்றி அழுத்திய நீரும் திடீரென விலகும். இரண்டும் சேர்ந்து ரத்த அழுத்தத்தை இறக்கிக் கண் இருட்டும். மது அருந்திவிட்டுப் போவது உண்மையிலேயே ஆபத்து. வயிறு நிரம்பச் சாப்பிட்ட கையோடும் போகாதீர்கள். முன்னும் பின்னும் தண்ணீர் குடியுங்கள்.

மற்ற தொட்டிகளில் கவனிக்க வேண்டியது மின்சாரத் தொட்டி. ஒசாகா, கியோட்டோ பக்கம் அதிகம். இரு பக்கச் சுவர்த் தகடுகளுக்கு நடுவே மெல்லிய மின்னோட்டம் பாய்ந்து தசையைச் சுண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள், இதய நோயாளிகள் கிட்டவே போகக்கூடாது. குளிர்நீர்த் தொட்டியில் இறங்கும் முன் வியர்வையைக் கழுவுங்கள். சாவுனா என்னும் வியர்க்க வைக்கும் சூடான அறைக்குப் பல இடங்களில் தனிக்கட்டணம். கட்டாமல் நுழைவது ஏமாற்று வேலையாகவே பார்க்கப்படும்.

முடிந்ததும் முக்காலியையும் வாளியையும் அலசி எடுத்த இடத்திலேயே வையுங்கள். உடைமாற்றும் அறைக்குத் திரும்பும் முன் பிழிந்த சிறு துண்டால் உடம்பைத் துடைத்துவிட வேண்டும். வெளிநாட்டவர் மீது அங்கே எழும் முணுமுணுப்புக்கு இந்த ஈரத்தரையும் ஒரு காரணம். மாதவிலக்கு நாட்களில் தவிர்த்துவிடுங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் கவனிக்க: டோக்கியோ விதிப்படி 7 வயது முதல் பிள்ளைகள் எதிர்ப்பாலர் பக்கத்துக்குப் போக முடியாது.

இடம் கேட்டால், கியோட்டோவில் 1923-ல் தொடங்கிய ஃபுனாவோகா ஒன்சென்னைச் சொல்வேன்; பெயரில் ஒன்சென் (இயற்கை வெந்நீர் ஊற்று) என்று இருந்தாலும் அது சென்டோதான், உடைமாற்றும் அறையின் மரச்சிற்பங்களுக்காகவே போகலாம். டோக்கியோவில் கோயென்ஜி பகுதியின் கொசுகி-யு, 1933-லிருந்து இருக்கிறது, பால் நிறத் தொட்டிக்குப் பெயர்போனது. டோக்கியோவின் ஓதா வட்டாரத்துச் சென்டோக்கள் பலவற்றில் நிலத்தடியிலிருந்து வரும் கருநிற ஊற்றுநீரே தொட்டியில் இருக்கும், அதுவும் சாதாரணக் கட்டணத்தில். அந்தத் தண்ணீரில் அடி தெரியாது. உள்ளே இருக்கும் படியைக் காலால் தடவிப் பார்த்து இறங்குங்கள்.