லோடு ஏறினால் கிரவுண்ட் ஃபால்ட்டா? நியூட்ரல் சிடியைப் பாருங்கள்

திருவொற்றியூர் யூனிட்டில் 1600 ஆம்பியர் மெயின் ஏசிபி (ஏர் சர்க்யூட் பிரேக்கர்), ஆபீஸ் ஏசியும் லைட்டும் முழுசாக ஓடும்போது மட்டும் கிரவுண்ட் ஃபால்ட் (எர்த்துக்குக் கரண்ட் கசிவது) காட்டி ட்ரிப் ஆகி விழுகிறது, செகண்டரி இன்ஜெக்‌ஷனில் (ட்ரிப் யூனிட்டுக்கு நேராகச் சிறு கரண்ட் கொடுத்துச் சோதிப்பது) எல்லாம் ஓகே என்கிறீர்கள். இருக்கும். அந்த டெஸ்ட் கிட், பிரேக்கரை விழ வைக்கும் ட்ரிப் யூனிட்டைத்தான் சோதிக்கும். கரண்டை அளந்து சொல்லும் சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) பக்கம் போவதே இல்லை.

என் சந்தேகம் நியூட்ரல் சிடி மேல். மூன்று ஃபேஸை மட்டும் துண்டிக்கும் மூன்று போல் பிரேக்கர் என்றால் அந்த சிடி வெளியே, நியூட்ரல் பஸ்பாரில் தனியாக இருக்கும். ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் திரும்பியதா என்று ட்ரிப் யூனிட் ஒப்பிடும்; திரும்பாததை எர்த்துக்குப் போனதாக எடுக்கும். அதனால் அந்த சிடியின் ஒயர் விட்டிருந்தால் நியூட்ரல் கரண்ட் அப்படியே எர்த் ஃபால்ட்டாகத் தெரியும். போலாரிட்டி (சிடி காட்டும் கரண்ட் திசை) மாறியிருந்தால் இன்னும் மோசம், இரண்டு மடங்காகத் தெரியும். கிரவுண்ட் ஃபால்ட் செட்டிங் 1600-ல் 0.2, அதாவது 320 ஆம்பியர் என்றால், போலாரிட்டி மாறிய நிலையில் நியூட்ரலில் 160 தாண்டினாலே போதும். உங்கள் பக்கத்துக் கடல் காற்றுக்கு கனெக்டர் பச்சை பிடித்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஷட்டவுன் எடுத்து, சப்ளை இல்லை என்று சோதித்த பிறகு பிரைமரி இன்ஜெக்‌ஷன் (மெயின் கண்டக்டரிலேயே கரண்ட் அனுப்பிச் சோதிப்பது) செய்யச் சொல்லுங்கள். ஒரு ஃபேஸில் 400 ஆம்பியர் அனுப்பி நியூட்ரல் சிடி வழியே திருப்பினால் விழக் கூடாது. ஃபேஸில் மட்டும் அனுப்பினால் விழ வேண்டும். பிரேக்கரை மட்டும் வெளியே இழுத்துச் சோதித்தால் இது பிடிபடாது.

அப்புறம், லாங் டைம் (நீடித்த ஓவர்லோடு) டெஸ்டைத் திரும்பச் செய்யும்முன் தெர்மல் மெமரியை (முந்தைய ஓவர்லோடின் சூட்டை ட்ரிப் யூனிட் நினைவில் வைத்திருப்பது) ரீசெட் செய்யுங்கள். இல்லாவிட்டால் சீக்கிரமே விழுந்து வீணாகக் குழப்பும்.