அப்பாவிடம் கேட்டாயா?

கேள்வி: தூத்துக்குடியில் பி.காம். முதலாண்டு படிக்கிறேன். 'கடல் நீரிலிருந்து உப்பு எடுப்பது எப்படி?' என்று 400 சொற்களில் விளக்கக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இப்படி ஒன்றை நான் எழுதியதே இல்லை. மூன்று நாள் இணையத்தில் தேடி 14 பக்கம் குறிப்பு எடுத்தேன். 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று தொடங்கி, தண்டி யாத்திரை வரை வந்து நின்றுவிட்டது. அப்பா உப்பளத்துக்குப் போகிறவர். எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் வீட்டில் உதவிக்கு ஆள் இல்லை. எனக்கு எழுத்து வருமா?

பதில்: எழுத்து வருமா வராதா என்பதை அப்புறம் பார்ப்போம். உன் கடிதத்தில் ஒரு 'அதனால்' இருக்கிறது. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் உதவிக்கு ஆள் இல்லை. எப்படியம்மா அந்த 'அதனால்' அங்கே வந்தது? உப்பைப் பற்றி எழுதச் சொன்னால், உப்பு வாரும் மனிதரை வீட்டில் வைத்துக்கொண்டு மூன்று நாள் போனைத் தடவியிருக்கிறாய். நெசவாளியின் மகன், மீனவரின் மகள் என்று இதே கடிதம் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. படிக்க வைத்தவரையே 'படிக்காதவர்' என்று ஓரமாக உட்கார வைப்பதை என்னால் ஏற்க முடியாது. உன் படிப்புச் செலவு அந்தப் பாத்தியில் விளைந்தது. அவர் வேலையைத் தெரிந்துகொள்வது கட்டுரைக்கு முன்பே உனக்கு இருந்த கடமை.

சரி, கட்டுரைக்கு வருவோம். விளக்கக் கட்டுரை என்பதே 'அதனால்'களால் ஆனதுதான். புகழ்வதோ வாதாடுவதோ அதன் வேலை இல்லை. ஒன்று ஏன் அப்படி நடக்கிறது என்று, தெரியாத ஒருவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். கடல் நீரை ஒரே பாத்தியில் விட்டுக் காய வைத்தால் ஆகாதா? ஆகாது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் அதில் கரைந்திருக்கின்றன. நாம் சாப்பிடுகிற உப்பு அதில் 27 கிராம் அளவுதான். நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பும், பிறகு ஜிப்சத்தின் பெரும்பகுதியும் அடியில் படிகின்றன. அதனால் அவற்றை அங்கேயே விட்டுவிட்டு நீரை மட்டும் அடுத்த பாத்திக்குத் திருப்புகிறார்கள். நீரின் அடர்த்தியை அளக்கும் போமே மானியை மிதக்கவிட்டால் கடல் நீர் 3 டிகிரியை ஒட்டிக் காட்டும். 25 டிகிரி வாக்கில் உப்பு படியத் தொடங்கும். 29, 30 என்று ஏற விட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும். அதனால் மிச்ச நீரை அதற்கு முன்பே வெளியேற்றிவிடுவார்கள். உன் 14 பக்கத்தில் இந்த எண்கள் இருக்கும். அவற்றைக் கோக்கும் நூல்தான் உன்னிடம் இல்லை.

அந்த நூல் அப்பாவிடம் இருக்கிறது. நீரை எப்போது மாற்ற வேண்டும் என்று எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள், நீர் விடுவதற்கு முன் பாத்தியை ஏன் மிதித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள், திடீர் மழை பெய்தால் என்ன ஆகும், இருட்டோடு ஏன் வேலைக்குக் கிளம்புகிறார் என்று கேள். வெள்ளை உப்பில் வெயில் பட்டுக் கண்ணைப் பறிப்பதைப் பற்றி அவர் சொல்லுவார். உன் கட்டுரையில் அதற்கு இடம் உண்டு. இன்னொன்று. உங்கள் ஊரில் பல உப்பளங்கள் கடல் நீரை விட்டுவிட்டு நிலத்தடி உவர்நீரை இறைத்து ஓடுகின்றன. அப்பா வேலை செய்யும் இடத்தில் எது? தலைப்பைத் தொடும் விஷயம் இது, கட்டாயம் கேள்.

எழுதும்போது நீர் போகிற வழியிலேயே போ. ஒரு பாத்திக்கு ஒரு பத்தி. பழமொழியை வெட்டு. தண்டி யாத்திரை, 1930-இல் உப்பு வரியை எதிர்த்து நடந்தது. வரியைப் பற்றி எழுதும் நாளில் அதை எடுத்துக்கொள்ளலாம். 'அம்பாரம்' போன்ற சொல் வந்தால், முதல் தடவையே அது உப்புக் குவியல் என்று சொல்லிவிடு, கோயம்புத்தூரில் இருக்கும் பெண்ணுக்கு அது தெரியாது. முன்னுரையைக் கடைசியில் எழுது. என்ன சொல்லப் போகிறாய் என்று அப்போதுதான் உனக்கே தெரிந்திருக்கும்.

முடித்ததும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டு. 'அப்படி இல்ல தாயி' என்று அவர் நிறுத்துகிற ஒவ்வோர் இடத்திலும் உன் 'அதனால்' தப்பு. அங்கேயே அடித்துத் திருத்து.

நாளைக்கே கேள். ஆனால் உப்பளத்திலிருந்து வந்தவுடன் நோட்டை நீட்டாதே. காலைக் கழுவிவிட்டு முதலில் அவர் சாப்பிடட்டும்.