'அமிலம் குறைவு' என்று கடையில் சொன்னால் நம்பலாமா?

டர்பன் அருகே சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் 58 வயது வாசகர் ஒருவர், இரவு உணவுக்குப் பின் வயிறு கனத்து ஓயாமல் ஏப்பம் வருவதாகவும், இயற்கை மருந்துக் கடையில் 'வயிற்றில் அமிலம் குறைவு' என்று கூறி வயிற்றில் அமிலத்தைக் கூட்டும் பீட்டைன் ஹைட்ரோகுளோரைடு கேப்சூல்களைக் கொடுத்ததாகவும், முழங்கால் வலிக்கு நாள்தோறும் இபுபுரூஃபன் விழுங்கும் தாம் அவற்றைத் தொடரலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

வேண்டாம் ஐயா, இன்றே நிறுத்திவிடுங்கள். இபுபுரூஃபன் இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் சளிப் படலத்தை நலிவடையச் செய்யும்; அதன்மேல் அமிலத்தையும் சேர்த்தால் புண்ணும் இரத்தக் கசிவும் உண்டாகலாம். உங்கள் தொல்லையே அந்த வலி மாத்திரையால் வந்த புண்ணாக இருக்குமானால், அமிலத்தைக் குறைப்பதுதான் சிகிச்சை.

புரதத்தைச் சிதைக்கும் பெப்சின் வேலை செய்வதற்கும், உணவோடு வரும் கிருமிகள் மடிவதற்கும் அமிலம் தேவை என்பது உண்மையே. ஆனால் ஏப்பத்தை மட்டும் வைத்து அது குறைந்துவிட்டது என்று எவராலும் சொல்ல முடியாது. வெறும் வயிற்றில் சமையல் சோடா கரைத்துக் குடித்து, ஐந்து நிமிடத்தில் ஏப்பம் வராவிட்டால் அமிலக் குறைவு என்று கடைகளில் கற்பிக்கிறார்களே, அது சோதனையே அன்று. விழுங்கிய காற்றும் ஏப்பமாகத்தான் வெளிவரும். 'நெஞ்சு எரியும்வரை கேப்சூலைக் கூட்டிக்கொண்டே போங்கள்' என்பது அதைவிடக் கொடிய அறிவுரை. எரிச்சல் கண்டபின் நிறுத்துவதற்குள் புட்டி காலியாகி அடுத்தது விற்றிருக்கும்.

செரிமானத்துக்கு பீட்டைன் ஹைட்ரோகுளோரைடு பயன்படும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று, செரிமான மருந்து என்ற பெயரில் அதைக் கடையில் விற்பதை அமெரிக்காவில் 1993-லேயே விலக்கினார்கள். இங்கோ, 'பதிவு பெறாத மருந்து, சப்ரா (தென்னாப்பிரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) மதிப்பிடவில்லை' என்ற வரியைப் புட்டியில் அச்சிட்டால் போதும் என்றிருக்கிறது. மூக்குக்கண்ணாடி போட்டும் படிக்க முடியாத அந்த எழுத்து யாரைக் காக்கும்?

அமிலம் மெய்யாகவே குறைந்தவர்களும் உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தியே இரைப்பைச் செல்களை அழித்துவிடும் நோயில் அமிலம் வற்றும். அதே செல்கள் சுரக்கும் உள்ளார்ந்த காரணி என்ற புரதமும் வற்றும். அது இல்லாமல் வைட்டமின் பி12 சரிவர உடலில் சேராது. இரத்தசோகை வரும், கால்கள் மரத்துப்போகும். அமிலக் கேப்சூல் அந்தப் புரதத்தைத் திருப்பித் தராது. அவர்களுக்கு வேண்டியது பி12 ஊசி. அதையும் இரத்தப் பரிசோதனைக்குப் பிறகே தொடங்க வேண்டும்.

நீங்கள் கிளினிக்கில் வலி மாத்திரையைக் காட்டி, வேறு மருந்து கேளுங்கள். இரைப்பையில் புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கு மலப் பரிசோதனையோ மூச்சுப் பரிசோதனையோ செய்யச் சொல்லுங்கள். அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மாத்திரை எடுப்பவரானால் அதற்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும் என்பதால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எண்டோஸ்கோப்பிக்கு (வாய்வழி குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் சோதனைக்கு) மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்வதால்தான் நம்மவர்கள் கடைப்படி ஏறுகிறார்கள் என்பதை நான் அறிவேன். ஆயினும் மலம் கருத்தாலோ, இரத்த வாந்தி எடுத்தாலோ வரிசை எண்ணுக்குக் காத்திராமல் நேரே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். எடை குறைந்தாலோ, விழுங்கத் தடை தோன்றினாலோ அந்த வாரமே மருத்துவரிடம் கூறி, எண்டோஸ்கோப்பியை முன்கூட்டியே செய்யுமாறு வற்புறுத்துங்கள்.