மின்சார பஸ்ஸுக்குக் கரண்ட் எங்கிருந்து? கேள்வி பதில்

பஸ் டிப்போக்களுக்கு உயரழுத்த மின் இணைப்பு வடிவமைப்பதும், காற்றாலை, சோலார் மின்சாரத்தை அவற்றோடு சேர்ப்பதும் என் தொழில். அந்த எல்லைக்குள் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். எந்த ஸ்கூட்டர், எந்தக் கார் வாங்கலாம் என்று கேட்க வேண்டாம்.

வியாசர்பாடி, கல்லூரி மாணவி: எங்கள் பகுதி டிப்போவுக்கு 2025 ஜூனில் 120 மின்சார பஸ்கள் வந்தன. டிப்போ கூரை முழுக்க சோலார் போட்டால் அவற்றுக்குப் போதுமா சார்?

போதாதும்மா. கணக்கு இதோ. பன்னிரண்டு மீட்டர் பஸ் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1.1 யூனிட் எடுக்கும். ஏசி என்றால் இன்னும் கூடும். நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொண்டால் ஒரு பஸ்ஸுக்கு 220 யூனிட், 120 பஸ்ஸுக்கு 26,400 யூனிட். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் தரும். அப்படியென்றால் 6,600 கிலோவாட் வேண்டும். ஒரு கிலோவாட்டுக்குப் பத்து சதுர மீட்டர் என்றால் 66,000 சதுர மீட்டர், அதாவது பதினாறு ஏக்கர் கூரை. நகரத்துக்குள் எந்த டிப்போவுக்கும் அவ்வளவு கூரை கிடையாது.

அதற்காகக் கூரையைச் சும்மா விடச் சொல்லவில்லை. பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலும் அது டிப்போ வளாகத்திலேயே பிறந்து அங்கேயே செலவாகும்; கம்பியில் வீணாகாது. பஸ்ஸுக்கு நிழலும் ஆகும். நிழலில் நிற்கும் பஸ் ஏசி போட எடுக்கும் கரண்ட் குறைவு.

மிச்சத்துக்குக் காற்றைப் பாருங்கள். இந்த 120 பஸ்ஸுக்கும் ஆண்டுக்குச் சுமார் 96 லட்சம் யூனிட் தேவை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நல்ல இடத்தில் நிற்கும் 2 மெகாவாட் காற்றாலை ஒன்று ஆண்டுக்கு 45 லட்சம் யூனிட்டுக்கு மேல் தரும். ஆக, இரண்டே இரண்டு காற்றாலைகள் ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய ஒரு டிப்போவையே ஓட்டிவிடும். ஆனால் ஆடிக் காற்றில் அம்மி பறக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இறக்கை அசையாது. மே முதல் செப்டம்பர் வரைதான் அந்த உற்பத்தியின் பெரும்பகுதி. அதனால் காற்றும் வேண்டும், வெயிலும் வேண்டும், பகலில் கொஞ்சமாவது சார்ஜ் ஏற்றவும் வேண்டும். பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை ஏற்றுவது மிக நல்லது. மாலை ஆறிலிருந்து பத்து வரை மட்டும் பிளக்கைத் தொடாதீர்கள். வெயில் போயிருக்கும், வீடுகளில் விளக்கும் ஏசியும் போட்டிருப்பார்கள், மின்சந்தையில் யூனிட் விலை பத்து ரூபாய் உச்சவரம்பைத் தொடுவதும் அந்த நேரத்தில்தான்.

ஓசூர், தொழிற்சாலை ஊழியர்: டிப்போ கூரை வேண்டாம், பஸ் கூரையிலேயே பேனல் ஒட்டினால்?

முழுக் கூரையிலும் ஒட்டினால் மூன்று, நான்கு கிலோவாட். நாளுக்கு 12 முதல் 16 யூனிட். பஸ் அதில் பதினைந்து கிலோமீட்டர்கூட ஓடாது.

கேரளத்தில் வைக்கம் – தவணக்கடவு இடையே 2017 முதல் ஓடும் 'ஆதித்யா' சோலார் படகை உதாரணம் காட்டுவார்கள். நல்ல படகுதான். அதன் கூரையில் 20 கிலோவாட் பேனல் வைக்க இடம் இருக்கிறது, வேம்பநாட்டுக் காயலில் மெதுவாகப் போகிறது, சிக்னலில் நின்று நின்று கிளம்ப வேண்டியதில்லை. அந்தப் படகுகூட முழுக்க வெயிலை மட்டும் நம்பி ஓடுவதில்லை. இரவில் கரையில் சார்ஜ் போடுகிறார்கள்.

திருநெல்வேலி, பள்ளி ஆசிரியர்: நிலக்கரியில் தயாரித்த மின்சாரத்தில்தான் இந்த பஸ் ஓடுகிறது. பிறகு என்ன லாபம்?

இந்தச் சந்தேகத்தைத் தள்ளிவிடக் கூடாது. நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 1.1 யூனிட் என்றால் கிட்டத்தட்ட 0.8 கிலோ. டீசல் ஒரு லிட்டர் எரிந்தால் 2.7 கிலோ, லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் ஓடும் பஸ்ஸில் அது 0.7 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. கச்சா எண்ணெயைத் தோண்டி, டீசலாகச் சுத்திகரித்து, லாரியில் கொண்டுவருவதில் வெளியாகும் கார்பனையும் சேர்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமம். தெருவில் புகை இல்லை, இரைச்சல் இல்லை என்பது உறுதியான லாபம். ஆனால் காற்றுமண்டலக் கணக்கில் பஸ்ஸை மாற்றினால் மட்டும் போதாது. அது எந்த நேரத்தில், எந்த மின்சாரத்தை எடுக்கிறது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

செய்ய முடியாத காரியமில்லை. மத்தியப் பிரதேசத்தின் ரேவா சோலார் பூங்காவிலிருந்து 2019 முதல் டெல்லி மெட்ரோ நேரடியாக மின்சாரம் வாங்குகிறது. 2022-ல் வந்த பசுமை மின்சாரத் திறந்த அணுகல் விதிகளின்படி 100 கிலோவாட்டோ அதற்கு மேலோ இணைப்பு உள்ள எவரும் இப்படி வாங்கலாம். ஒரு பஸ் டிப்போவின் இணைப்பு அதைப்போல் பல மடங்கு.

சேலம்: என் ஸ்கூட்டர் பேட்டரி இரண்டு வருஷத்தில் பாதியாகிவிட்டது. என்ன செய்யலாம்?

விற்றவரிடம் வாரண்டி கேளுங்கள். இங்கே பஸ் மட்டும்.

மதுரை, ஓய்வுபெற்ற நடத்துநர்: பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை சார்ஜ் போடலாம் என்று மேலே சொல்லியிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போகிற பெண்கள் நிற்கும் நேரமே அதுதான். உங்கள் சோலாருக்காக அவர்களை வெயிலில் நிற்க வைப்பதா?

கூடாது ஐயா. நீங்கள் கேட்டது இன்று வந்ததிலேயே முக்கியமான கேள்வி. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடுப்பகல் பயணம் யாருக்கானது என்பது எனக்கும் தெரியும். நான் எல்லா பஸ்ஸையும் ஒரே நேரத்தில் நிறுத்தச் சொல்லவில்லை. நூறு பஸ் இருந்தால் மணிக்கு இருபத்தைந்தாக உள்ளே எடுக்கலாம். 120 கிலோவாட் சார்ஜரில் ஒரு மணி நேரம் நின்றால் ஒரு பஸ்ஸுக்கு நூறு யூனிட்டாவது ஏறும். அது தொண்ணூறு கிலோமீட்டர். காலை நெரிசலுக்கும் மாலை நெரிசலுக்கும் நடுவே எப்படியும் சில பஸ்கள் சும்மா நிற்கின்றன. ஷிப்ட் மாறும்போது டிப்போவுக்கு வருகிற பஸ்களும் உண்டு.

அதே நடத்துநர்: ஷிப்ட் எங்கே டிப்போவில் மாறுகிறது? பஸ் ஸ்டாண்டிலேயே ஆள் மாறி ஏறிக்கொள்வார்கள். டிப்போவுக்குக் காலியாகப் போய்வர ஆறு கிலோமீட்டர் என்றால் அந்த டிரிப்பே போச்சு.

சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். அதனால்தான் சார்ஜரை டிப்போவோடு நிறுத்தாமல் பேருந்து நிலையத்துக்கும் கொண்டுவர வேண்டும் என்கிறேன். 240 கிலோவாட் சார்ஜரில் இருபது நிமிஷம் போதும், எழுபது கிலோமீட்டர் கிடைக்கும். ஓட்டுநர் டீ குடித்து, ஆள் மாறி, டிக்கெட் கணக்கு முடிப்பதற்குள் வேலை ஆகிவிடும். கிளாம்பாக்கம் போன்ற புதிய நிலையங்களில் கூரையும் பெரிது, இடமும் இருக்கிறது.

கோவை, நேர அட்டவணை போடும் வேலை: இருபது நிமிஷம் என்பது காகிதத்தில். பஸ் தாமதமாக வந்தால் ஓட்டுநர் சார்ஜ் போடாமலே கிளம்புவார். மாலை நெரிசலில் நடுரோட்டில் நிற்கும்.

அந்த அபாயம் உண்மை. அதனால் இரவிலேயே பேட்டரியை முழுதாக ஏற்றிவிட வேண்டும். பகல் சார்ஜ் இல்லாவிட்டாலும் அன்றைய ஓட்டம் முடியும்படி அட்டவணை போட வேண்டும். பகலில் ஏற்றியது இரவுத் தேவையைக் குறைக்கும், அவ்வளவே. எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நிலக்கரி மிச்சம்.

மதுரை நடத்துநர்: அப்படியென்றால் மாற்று பஸ் கூடுதலாக வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறீர்களா?

ஒப்புக்கொள்கிறேன். டீசல் பஸ்ஸுக்கு வைத்த அதே மாற்று பஸ் எண்ணிக்கையை மின்சார பஸ்ஸுக்கும் வைத்துக்கொண்டு பகல் சார்ஜும் போடு என்றால், இழப்பு நடுப்பகல் பயணிக்குத்தான் வரும். டெண்டரிலேயே கூடுதல் பஸ் கேளுங்கள்.

ஈரோடு: பகல் சோலாரை டிப்போவில் பெரிய பேட்டரியில் சேமித்து இரவில் ஏற்றினால் இந்தச் சண்டையே வேண்டாமே?

26,000 யூனிட்டைச் சேமிக்கும் பேட்டரி பஸ் பேட்டரிகளுக்கு இன்னொரு முழு செட் வாங்குவதற்குச் சமம். ஏற்றி இறக்குவதில் பத்து சதவீதத்துக்கு மேல் வீணும் ஆகும். சின்ன அளவில் வைத்து மாலை நேரச் சுமையைக் குறைப்பது நியாயம்.

யாழ்ப்பாணம்: நெடுந்தீவுக்கு ஒரு மின்சார பஸ் விடலாமோ?

தாராளமாக. தீவு பெரிய மின்தொகுப்போடு இணையவில்லை, டீசல் ஜெனரேட்டர்தான். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு இந்திய நிதியுதவியில் சோலார், காற்று, பேட்டரி கலந்த திட்டம் ஒப்பந்தமாகியிருக்கிறது. நாளுக்கு நூறு கிலோமீட்டர் ஓடும் சிறிய பஸ்ஸுக்கு 20 கிலோவாட் பேனல் போதும். அங்கே பகலில் மட்டும் ஏற்றுங்கள். தீவை விடுங்கள், முழு இலங்கைக்குமே இது பொருந்தும். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்துபோனதால், கூரை சோலாரைப் பகலில் அணைத்து வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. அப்படி அணைக்கும் மின்சாரத்தை இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்கள் குடிக்கலாம்.

திருவள்ளூர்: டிப்போ கூரை சோலார் போதாதா?

முதல் பதிலைப் படியுங்கள்.

வேளச்சேரி, குடியிருப்போர் சங்கம்: வெள்ளம் வந்தால் சார்ஜர்கள் என்ன ஆகும்?

மேடை தாழ்வாக இருந்தால் போய்விடும். 2015, 2023 டிசம்பர்களில் அந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேட்டு, அதற்கு மேலே ஓரடியாவது உயர்த்தி மேடை கட்டச் சொல்லுங்கள். டிரான்ஸ்பார்மருக்கும் அதே உயரம். இன்னொன்று: சார்ஜிங் கன்னை, அதாவது பஸ்ஸில் செருகும் கேபிள் முனையை, தரையில் போடக் கூடாது. கொக்கியில் மாட்ட வேண்டும். சேற்றில் கிடந்த கன்னின் கீழே இருக்கும் இரண்டு தடித்த பின்களில் மண் படியும், தொடர்பு சரியாக இருக்காது, சூடாகி ஓரம் கருக்கும். அந்தக் கருப்பு தெரிந்த அன்றே அந்தக் கன்னை ஒதுக்கி வையுங்கள். பஸ் சக்கரம் ஏறிய கேபிளையும் அப்படியே.

நாமக்கல்: பவர்கட் ஆனால் பஸ் எல்லாம் நின்றுவிடுமா?

இரண்டு வெவ்வேறு துணைமின் நிலையங்களிலிருந்து இரண்டு ஃபீடர், அதாவது தனித்தனி மின்பாதை, வாங்கினால் நிற்காது. மாலை ஆறிலிருந்து பத்து வரை ஏற்றாத டிப்போவுக்கு இந்தப் பயம் பாதி குறையும்.

காஞ்சிபுரம்: பஸ் கூரையில் பேனல் வைத்தால் என்ன?

ஓசூர்க்காரருக்குச் சொன்னதுதான். இனி இந்தக் கேள்வியை எடுக்க மாட்டேன்.

உடுமலை, விவசாயி: எங்கள் ஊரைச் சுற்றி காற்றாலை. ஆனால் மின்சார பஸ் சென்னைக்குத்தான் முதலில் வருகிறது. ஏன்?

உலக வங்கிக் கடனும் கூட்டமும் அங்கே இருப்பதால். பெருநகரத்துக்கு முதலில் தருவதில் தவறில்லை. ஆனால் மின்சாரக் கணக்கில் நீங்கள் சொல்வதுதான் சரி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் தலைக்கு மேல்தான் வீசுகிறது. ஆனி, ஆடியில் தெற்கிலும் மேற்கிலும் காற்றாலைகள் முழு வேகத்தில் சுற்றும்போது மின்பாதைகளில் இடம் போதாமல் சில காற்றாலைகளை நிறுத்தச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் உடுமலையிலும் நாகர்கோவிலிலும் திருநெல்வேலியிலும் ஐம்பது ஐம்பது பஸ் இரவில் சார்ஜ் ஏறினால், அந்த மின்சாரம் வடக்கே பயணம் செய்யவே வேண்டாம். பக்கத்துத் துணைமின் நிலையத்திலேயே செலவாகிவிடும். உடுமலை – பொள்ளாச்சி, நாகர்கோவில் – கன்னியாகுமரி மாதிரிக் குறுகிய தடங்கள் முதல் சுற்றுக்குப் பொருத்தமானவை. உங்கள் கிராமசபையில் இதைத் தீர்மானமாகவே போடுங்கள். எந்தத் துணைமின் நிலையம், எத்தனை பஸ், ஆடி மாத இரவில் எத்தனை யூனிட் என்று எண்ணோடு எழுதுங்கள். கணக்கில் உதவி வேண்டுமென்றால் நான் போட்டுத் தருகிறேன்.