ஒன்றரை வருடமாகப் பரணில் கிடக்கும் பீர் கெட்டுப்போயிருக்குமா? குடித்தால் ஆபத்தா?

தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கி மிஞ்சிய பன்னிரண்டு பாட்டில் பீர், மதுரையில் உங்கள் வீட்டுப் பரணில் ஒன்றரை வருடமாகக் கிடக்கிறது, எடுத்துக் குடிக்கலாமா, விஷமாகியிருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரே சொல்லிவிடுகிறேன். மூடி திறக்காத பீர் நாள்பட்டதால் விஷமாவதில்லை. ஆளைப் படுக்க வைக்கும் கிருமி எதுவும் அதில் வளர்வதில்லை. ஆனால் மதுரை வெயிலில் ஒன்றரை வருடம் வெந்த பிறகு அதில் பீரின் ருசி மிஞ்சியிருக்காது. குடித்தால் உடம்புக்குத் தனியாக ஒன்றும் ஆகாது, ஒரு மடக்குக்கு மேல் உள்ளே இறங்காது, அவ்வளவுதான்.

நான் ஒரு பீர் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன். சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்று மனதில் இருப்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் மேலூர் பக்கம் எங்கள் கருப்புசாமி கோயிலில் ஆடி மாதம் கெடா வெட்டு. பெரியண்ணன் இரண்டு பெட்டி பீர் கொண்டுவந்திருந்தார். பொங்கலை ஒட்டித் திருவள்ளுவர் தினத்துக்குக் கடை அடைப்பார்களே, அதற்காகக் கூடுதலாக வாங்கி வைத்து மறந்துபோனது. லேபிளில் போட்டிருந்த தேதி முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மத்தியானம் ஏழு பேர் குடித்தார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஒவ்வொருவராக வாந்தி. மொத்தம் ஒன்பது பேர். விடியும்வரை எலுமிச்சைச் சாறும் உப்புத் தண்ணியுமாக வீடே அல்லோலப்பட்டது.

"அந்தப் பழைய பீருதான்டா எல்லாத்தையும் கெடுத்துருச்சு" என்றார் அத்தை. அவரும் வாந்தி எடுத்துக் களைத்துப்போய்த்தான் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க குடிக்கலையே அத்த? சின்னப் புள்ளைக ரெண்டும் குடிக்கலையே?"

"அவய்ங்க குடிச்ச டம்ளர்ல யாரு தண்ணி குடிச்சாகளோ, யாருக்குத் தெரியும்."

மிச்சமிருந்த பாட்டில்களை மாமா அப்போதே சாக்கடையில் கொட்டிவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. காலையில் ஒவ்வொருவரிடமும் போய் என்ன சாப்பிட்டீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். அதிகமாகக் குடித்த இரண்டு மச்சான்மார் சாயங்காலமே மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். போன் போட்டுக் கேட்டால் இருவருக்கும் ஒன்றுமில்லை. பீரைத் தொடாத நான்கு பேருக்கு வாந்தி. ஒன்பது பேரும் சேர்ந்து செய்த ஒரே காரியம், மத்தியானம் வடித்துக் கூடையில் கொட்டித் துணி போட்டு மூடியிருந்த சோற்றை ராத்திரி எட்டரை மணிக்குக் குழம்பைச் சுட வைத்து ஊற்றிச் சாப்பிட்டதுதான்.

வடித்த சோறு சூடு ஆறாமல் குவியலாக மணிக்கணக்கில் கிடந்தால் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகும். அரிசியோடு வரும் அதன் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. அது கக்கி வைக்கும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. சாப்பிட்ட ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். அந்தச் சோற்றை யாரும் எங்கும் அனுப்பிச் சோதிக்கவில்லை. ஆனால் யார் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, எத்தனை மணி நேரத்தில் வந்தது என்று கூட்டிப் பார்த்தால் கை சோற்றைத்தான் காட்டியது. பீரைக் கொட்டிவிட்டு மிச்சச் சோற்றைக் காலையில் கோழிக்குப் போட்டார்கள். பழி மாறிப் போனதில் எனக்கு இருக்கும் வருத்தம் இன்னும் தீரவில்லை. அடுத்த கெடா வெட்டிலும் சோறு அதே கூடையில்தானே குவியும்?

பீரில் ஏன் கிருமி வளராது? முதலில் அது புளிப்பு. பி.எச். 4 முதல் 4.5 வரை, கிட்டத்தட்ட நம் வீட்டுத் தயிர் அளவு. அடுத்து அதிலுள்ள ஆல்கஹால். கசப்புக்காகப் போடும் ஹாப்ஸ் என்ற பூவின் சத்துக்கே பல வகை பாக்டீரியாவைத் தடுக்கும் குணம் உண்டு. உள்ளே கரியமில வாயு நிறைந்திருக்கும், ஆக்சிஜன் இல்லாத அளவுக்குக் குறைவு. மாவுச்சத்து மாறி வந்த சர்க்கரையில் பெரும்பங்கை ஈஸ்ட் முன்பே தின்று தீர்த்திருக்கும். இதற்கெல்லாம் மேலே, நம் ஊரில் விற்கும் சாதாரண பாட்டில் பீரை நிரப்பி மூடிய பிறகு வெந்நீர்த் தூறல் விழும் ஒரு நீண்ட கூண்டுக்குள் ஓட்டி, 60 டிகிரியில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்து எடுப்பார்கள். டைபாய்டு, பேதி வரவைக்கும் கிருமிகள் பெருக இங்கே இடமே இல்லை. அபூர்வமாகத் தப்பி வளர்பவை லாக்டோபாசில்லஸ் போன்ற தயிர்க் கிருமியின் உறவுக்காரர்கள். அவை பீரைப் புளிக்க வைக்கும், கலங்க வைக்கும், வெண்ணெய் வாடை அடிக்க வைக்கும். ஆளை ஒன்றும் செய்யாது.

'பழசு ஆகாது' என்ற பயம் நமக்குக் கள்ளிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். 1987இல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை வந்தது. அதற்கு முன்னால் பார்த்தவர்கள் சொல்வார்கள்: காலையில் இனிப்பு, மத்தியானம் சுள்ளென்று, மறுநாள் காடி. திறந்த கலயம், காற்றில் வரும் ஈஸ்ட், காடியாக்கும் பாக்டீரியா எல்லாம் அதில் உண்டு. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால்தான் பதநீர் பதநீராக நிற்கும். அந்த அனுபவத்தை மூடி போட்ட பாட்டிலுக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

இனி ருசி. பீருக்கு எமன் வெயில்தான், தேதி அதற்குப் பிறகுதான். பீர்த் தொழிலில் ஒரு வாய்க்கணக்கு உண்டு: 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள். மூன்றும் பீரை ஏறக்குறைய ஒரே அளவு கிழடாக்கும். துல்லியமான சூத்திரம் அல்ல, ஆனால் குடோனில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் உண்மை தெரியும். மதுரையில் சித்திரை, வைகாசியில் வெளியே 38, 40 என்று அடிக்கும்போது மொட்டை மாடித் தளத்துக்கு அடியில் இருக்கும் பரண் ராத்திரியும் ஆறாது. உங்கள் பாட்டில்கள் குறைந்தது ஒரு கோடையையாவது அங்கே கழித்திருக்கும்.

கிழடான பீரில் முதலில் வருவது நனைந்த அட்டைப்பெட்டி வாடை. நோனினால் என்ற பொருள் அதற்குக் காரணம். ஒரு லிட்டரில் ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே நாக்கு கண்டுபிடித்துவிடும். பரிசோதனைக் கூடத்தில் ஒரே நாள் நிரப்பிய பாட்டில்களில் சிலவற்றைக் குளிரிலும் சிலவற்றை 40 டிகிரி அலமாரியிலும் வைத்து, இரண்டு வாரம் கழித்து அடையாளம் தெரியாத டம்ளர்களில் ஊற்றிக் கொடுப்பார்கள். அலமாரியில் இருந்ததை நான் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. மழையில் நனைந்த பள்ளிக்கூட நோட்டை முகர்ந்த மாதிரி இருக்கும். இன்னும் நாளானால் தேன் கலந்த அழுகல் இனிப்பு வரும், கசப்பு மங்கும், நிறம் கருக்கும்.

வெளிச்சம் வேறு கணக்கு. ஹாப்ஸின் கசப்புச் சத்து வெளிச்சம் பட்டுச் சிதைந்தால் ரப்பர் எரிந்த மாதிரி, பூண்டு அழுகின மாதிரி ஒரு நாற்றம் வரும். வெள்ளைப் பாட்டிலை நல்ல வெயிலில் வைத்தால் சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடும். பச்சைப் பாட்டில் கொஞ்சம்தான் காக்கும். பழுப்புப் பாட்டிலும் கேனும்தான் உருப்படி. கடை வாசலில் வெயில் படும்படி அடுக்கியிருந்தால், தேதி புதுசாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

அடியில் வெள்ளையாகத் துகள் படிந்திருக்கலாம். பார்லியின் புரதம் மற்றச் சத்துகளோடு சேர்ந்து திரிவது அது, பயப்பட வேண்டாம். பாட்டிலைத் தண்ணீரில் கவிழ்த்துப் பிடித்து "கிளிசரின் இறங்குது பார்" என்று காட்டுவார்கள். அங்கே இறங்குவது பீர்தான். அடர்த்தி கூடுதலான திரவம் தண்ணீருக்குள் இறங்கும்போது கோடு கோடாகத் தெரியும். சர்க்கரைப் பாகைத் தண்ணீரில் விட்டாலும் அப்படித்தான் தெரியும்.

எவ்வளவு பழசு வரை என்று கேட்டால் ஒரு தகவல். 2010இல் பின்லாந்தைச் சேர்ந்த ஆலண்ட் தீவுகளுக்கு அருகே கடலடியில் கிடந்த ஒரு கப்பலில் 1840களைச் சேர்ந்த பீர் பாட்டில்கள் கிடைத்தன. கடல்நீர் கசிந்து கலந்திருந்தது. ஆராய்ந்தவர்கள் எழுதி வைத்த வாடைகள்: எரிந்த ரப்பர், முற்றிய சீஸ், ஆட்டு வாடை. குளிர்ந்த இருட்டுக் கடலடியில் 170 வருடம் கிடந்தும் பீருக்கு நேர்ந்தது ருசிக்கேடுதான்.

லேபிளில் உள்ள தேதிக்கு வருவோம். நம் ஊரில் பெரும்பாலும் தயாரித்த நாளிலிருந்து ஆறு மாதம் போடுவார்கள். அது ருசிக்கான உத்தரவாதம். அந்தத் தேதி தாண்டியதைக் கடையில் விற்கக் கூடாது. கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அதே லேபிளில் இன்னொரு எண் இருக்கிறது, அதை யாரும் படிப்பதில்லை என்பது என் பெரிய ஆதங்கம். 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் மதுபான விதிகளின்படி 5 சதவீதத்துக்கு மேல் 8 சதவீதம் வரை ஆல்கஹால் இருந்தால் அது ஸ்ட்ராங் பீர். 8 சதவீதம் உள்ள 650 மி.லி. பாட்டில் ஒன்றில் சுமார் 41 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 42.8 சதவீத விஸ்கியில் 30 மி.லி. ஒரு பெக் என்றால் நான்கு பெக்குக்குச் சமம். "பீருதானப்பா" என்று இரண்டு பாட்டில் முடித்துவிட்டு பைக்கை எடுக்கிறவர் எட்டு பெக் போட்டுவிட்டுத்தான் எடுக்கிறார். தேதி முடிந்த பீரால் செத்தவர் என்று ஒருவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. புத்தம் புது பீரைக் குடித்துவிட்டு வண்டி ஓட்டி, ரிங் ரோட்டில் போனவர்கள் எங்கள் தெருவிலேயே இருவர்.

இன்னொரு பயத்தையும் பிரித்து வைக்க வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் பலிகொண்டது மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம். அதைப் பார்த்தபின் 'சரக்கு கெட்டுப்போனால் இப்படித்தான் ஆகும்' என்று பேசிக்கொண்டார்கள். அப்படி இல்லை. பீரிலுள்ள ஆல்கஹால் எத்தனை வருடமானாலும் மெத்தனாலாக மாறாது. மெத்தனால் வெளியிலிருந்து கலக்கப்படுவது. எதைக் குடித்திருந்தாலும் சரி, சில மணி நேரமோ ஒரு நாளோ கழித்துக் கண் மங்கினால், எதிரே பனி மூடின மாதிரி தெரிந்தால், வயிறு பிசைந்து மூச்சு வாங்கினால், 'பழைய பீரு ஒத்துக்கல, தூங்கினா சரியாப்போகும்' என்று படுக்க வைத்துவிடாதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், என்ன குடித்தார், எங்கே வாங்கியது என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மெத்தனாலுக்கு மாற்று மருந்து உண்டு. நேரத்துக்குப் போனால்தான் அது பயன்படும்.

விதிவிலக்கும் உண்டு. ஆல்கஹால் இல்லாத பீருக்கு இந்தப் பாதுகாப்பு முழுசாகக் கிடையாது. திறந்தால் குளிரில் வைத்துச் சீக்கிரம் முடித்துவிடுங்கள், தேதியையும் மதியுங்கள். பெங்களூர் பக்கம் பப்பிலேயே காய்ச்சி ஊற்றுவது பெரும்பாலும் சூடு காட்டாத பீர், அதை வாங்கி வந்து வாரக்கணக்கில் வைக்கக் கூடாது. உப்பிய கேன், மூடியில் துரு ஏறி உள்ளே இறங்கியது, வாய் உடைந்த பாட்டில் எதுவானாலும் யோசிக்காமல் கொட்டுங்கள். கண்ணாடித் துண்டுதான் பழைய பாட்டிலில் உண்மையான ஆபத்து.

உங்கள் பன்னிரண்டில் முதலில் ஒன்றை மட்டும் பரணிலிருந்து மெதுவாக இறக்குங்கள். சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும், குலுக்காதீர்கள். ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம், உறைந்தால் பாட்டில் வெடிக்கும். வாயைக் கழுவித் துடைத்து, ஒரு துண்டைச் சுற்றிப் பிடித்துத் திறங்கள். 'புஸ்' என்று சத்தம் வருகிறதா, அட்டைப்பெட்டி வாடையா, காடி வாடையா என்று முகர்ந்து பாருங்கள். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பதில் தப்பில்லை. பிடிக்கவில்லை என்றால் மற்றப் பதினொன்றையும் திறந்து பார்க்க வேண்டிய வேலை இல்லை, ஒரே பரணில் ஒரே வெயிலில் வெந்தவைதான் எல்லாம். கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டுப் பாட்டில்களைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுங்கள். ஒரு பாட்டிலை மட்டும் மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தொட்டிச் செடிகளுக்கு நத்தைத் தொல்லை இருந்தால், ஆழமான கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி மண்ணோடு மண்ணாகப் பதித்து வையுங்கள். ஈஸ்ட் வாடைக்கு வந்து அதில் விழுந்து கிடக்கும்.