வெள்ளி விழா ஆண்டில் பாரிஸ் போகலாமா?

கேள்வி: வரும் வைகாசியோடு எங்களுக்குத் திருமணமாகி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைகின்றன. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள், நாங்கள் இருவர் மட்டும் எங்காவது போய்வர வேண்டும் என்று சொல்லிச் செலவையும் ஏற்றுக்கொண்டிருக்கிறாள். கல்லூரிக் காலத்திலிருந்தே எனக்குப் பாரிஸ் ஆசை உண்டு. ஆனால் சுற்றுலாக் குழுவோடு போய்வந்த தோழி ஒருத்தி, "ஊரெல்லாம் குப்பையும் நாற்றமும்தான்; காதல் நகரம் என்பது வெறும் விளம்பரம்" என்கிறாள். மகள் ஜெனீவாவையோ கனடாவின் கியூபெக்கையோ சொல்கிறாள். பயண முகவர் ஒன்பது நாளில் ஐந்து நாடுகளைக் காட்டுகிறேன் என்கிறார். கணவர் சைவம், இருவருக்கும் பிரெஞ்சு தெரியாது, "ஐம்பது வயதில் இதெல்லாம் தேவையா, பார்ப்பவர்கள் சிரிக்க மாட்டார்களா?" என்று அவர் வேறு கேட்கிறார். எங்கே போகலாம்? பாரிஸில் பாலத்தில் பெயர் எழுதிப் பூட்டு மாட்டுவார்களாமே, அதையும் செய்துவிட்டு வரலாமா?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அன்புள்ள வாசகிக்கு, உங்கள் தோழி பொய் சொல்லவில்லை. பாரிஸ் மெட்ரோவின் சில சுரங்கப் பாதைகளில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடக்க வேண்டும். 2008ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து உணவகங்களுக்கு உள்ளே புகைபிடிக்கத் தடை வந்துவிட்டதால், புகைப்பவர்கள் எல்லோரும் தெருவோர மேசைகளுக்கு வந்துவிட்டார்கள்; படங்களில் அவ்வளவு அழகாகத் தெரியும் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தால் பக்கத்து மேசைப் புகை உங்கள் முகத்துக்குத்தான் வரும். மோன்மார்த் குன்றின் படிகளில், கேட்காமலேயே உங்கள் மணிக்கட்டில் நூலைக் கட்டிவிட்டுக் காசு கேட்பவர்களும், மெட்ரோக் கூட்டத்தில் கைப்பையை மேய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் தோழி பார்த்தது பேருந்து ஜன்னலையும் ஐஃபல் கோபுரத்து வரிசையையும்தான் என்று நினைக்கிறேன். இரண்டு நாளில் பதினைந்து இடங்களை முடிக்க வேண்டிய பயணத்தில் நாற்றமும் நெரிசலும் கண்ணில் படாமல் போகாது. அந்த ஊரின் நல்ல பக்கம் கண்ணில் படுவதற்குத்தான் நேரம் போதாது.

காதல் நகரம் என்ற பெயரில் விளம்பரத்தின் கை இருப்பதும் உண்மையே. பாரிஸ் நகர மன்றத்தின் முன் ஓர் இளைஞனும் இளம்பெண்ணும் முத்தமிடும் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். ரொபேர் துவானோ என்ற புகைப்படக் கலைஞர் 1950இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகைக்காக எடுத்தது அது. தற்செயலாகக் கிடைத்த காட்சி என்றே உலகம் பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தது. 1990களில் வழக்கு ஒன்று நீதிமன்றத்துக்குப் போனபோதுதான், அந்த இருவரும் நாடகம் பயின்ற மாணவர்கள் என்பதும், கேட்டுக்கொண்டதன் பேரில் முத்தமிட்டார்கள் என்பதும் வெளியே வந்தன. ஆனால் அடுத்த முறை அந்தப் படத்தைப் பார்க்கும்போது முன்பக்கத்தைக் கவனியுங்கள். தேநீர் விடுதி மேசையில் ஒருவர் முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருப்பார். கேமராவும் அந்த மேசைகளுக்கு நடுவிலிருந்துதான் தெருவைப் பார்க்கிறது. முத்தம் ஏற்பாடு செய்யப்பட்டதாக இருக்கலாம். தெருவைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அந்த ஊர் ஒதுக்கி வைத்திருக்கும் இடம் உண்மையானது. நான் உங்களைப் பாரிஸுக்குப் போகச் சொல்வது அதற்காகத்தான்.

அந்த இடம் தானாக அமையவில்லை. பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1853 முதல் 1870 வரை ஓஸ்மான் என்ற நிர்வாகி பழைய சந்துகளை இடித்து அகன்ற சாலைகளைப் போட்டார். அதில் ஏழைக் குடும்பங்கள் ஏராளமாக நகரின் ஓரங்களுக்குத் துரத்தப்பட்டன என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. இன்று நாம் காணும் வெளிர் மஞ்சள் கல் கட்டடங்கள், ஒரே உயரத்தில் ஓடும் கூரைகள், நிழல் மரங்கள், விளக்குக் கம்பங்கள், இருபுறமும் உட்காரத்தக்க மர இருக்கைகள் ஆகியவற்றில் பெரும்பகுதி அந்தக் காலத்து வேலை. கட்டடம் கண்ணை மறைக்காது, நடைபாதை அகலமாக இருக்கும், கால் வலித்தால் உட்கார இடம் இருக்கும்; இரண்டு பேர் பேசிக்கொண்டே நடப்பதற்கு ஒரு நகரம் இதைவிட என்ன செய்து தர முடியும்? தேநீர் விடுதி நாற்காலிகளையும் பாருங்கள். எதிரெதிராகப் போடாமல், இரண்டையும் தெருவை நோக்கி அக்கம்பக்கமாகப் போட்டிருப்பார்கள். ஒரு காப்பியை வாங்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் வந்து எழுப்ப மாட்டார்கள். கேட்டால் ஒழிய பில்லைக்கூடக் கொண்டுவர மாட்டார்கள். பக்கத்து மேசைப் புகை பிடிக்காவிட்டால், உள்ளே ஜன்னலை ஒட்டிய மேசையைக் கேளுங்கள்.

மே மாத இறுதியில் போகிறீர்கள் என்பதால் இன்னொன்றும் உங்களுக்குக் கிடைக்கும். ஈரோட்டில் ஆண்டு முழுவதும் கிட்டத்தட்ட ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் இடையே சூரியன் இறங்கிவிடுகிறது, அரை மணிக்குள் இருட்டியும் விடுகிறது. பாரிஸ் பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே கிட்டத்தட்ட 49 பாகையில் இருப்பதால், அந்த நாட்களில் இரவு ஒன்பதரைக்கு மேல்தான் அங்கே சூரியன் மறையும். அதன் பிறகும் வானம் வெகுநேரம் கருநீலமாகவே நிற்கும். செய்ன் நதியின் நடுவிலுள்ள சித்தே தீவின் மேற்கு முனையில், பொன் நெஃப் பாலத்துப் படிகளில் இறங்கினால், வெர் கலான் என்ற சின்னஞ்சிறு பூங்கா இருக்கிறது. உணவை முடித்துக்கொண்டு ஒன்பது மணிக்கு அங்கே போய், நீர்மட்டத்தை ஒட்டிய கல் விளிம்பில் உட்காருங்கள். படகு போகும்போதெல்லாம் அலை கல்லில் வந்து மோதும். எதிர்க்கரையில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். நேரம் பத்து மணி என்று கைக்கடிகாரம் சொன்னால்தான் நம்புவீர்கள். இரவில் குளிர் பன்னிரண்டு பாகைக்குக் கீழேயும் இறங்கும் என்பதால், பட்டுப் புடவை எடுத்துப் போனாலும் கனமான சால்வை ஒன்றும் வேண்டும்.

இனி, உங்கள் கணவர் கேட்ட கேள்வி. லக்ஸம்பர்க் தோட்டத்தில் பச்சை நிற இரும்பு நாற்காலிகள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. அவை தரையில் பதிக்கப்பட்டவை அல்ல. வேண்டிய இடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஒரு காலத்தில் உட்காரக் கட்டணம் வசூலித்தார்கள், இப்போது இலவசம். ஒரு வேலைநாள் பிற்பகலில் அங்கே போனால், குளத்தைச் சுற்றி இரண்டிரண்டாகப் போட்ட நாற்காலிகளில் அறுபது, எழுபது வயதுத் தம்பதிகள் பலர் இருப்பார்கள். ஒருவர் செய்தித்தாள் படிக்க, மற்றவர் கண்ணை மூடி வெயில் காய்ந்துகொண்டிருப்பார். ஐம்பது வயதுக்காரர் அங்கே இளைஞர் கணக்கில்தான் வருவார். நம் ஊரில் கணவனும் மனைவியும் பொது இடத்தில் வேலை எதுவும் இல்லாமல் இரண்டு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்திருந்தால், ஏதாவது பிரச்சினையா என்று தெரிந்தவர்கள் கேட்டுவிடுவார்கள். அங்கே தெரிந்தவர்களும் இல்லை, கேட்பவர்களும் இல்லை.

பூட்டு வேண்டாம். நேர்ந்துகொண்டு கோயில் மரத்தில் தொட்டில் கட்டுவதைப் போல, போன் தெ ஸார் நடைபாலத்தின் கம்பி வலைகளில் காதலர்கள் பூட்டுகளை மாட்டிச் சாவியை ஆற்றில் எறிந்து வந்தார்கள். 2014 ஜூன் மாதம் பாரம் தாங்காமல் கைப்பிடியின் ஒரு பகுதி சரிந்தது. அடுத்த ஆண்டு நகராட்சி வலைகளையே கழற்றியது. அகற்றிய பூட்டுகளின் எடை ஏறத்தாழ 45 டன். இப்போது அங்கே கண்ணாடித் தடுப்புகள்தான் இருக்கின்றன. வேறு பாலங்களில் மாட்டுபவர்கள் இன்றும் உண்டு, விற்பவர்களும் உண்டு, நீங்கள் வாங்காதீர்கள்.

மகள் சொன்ன ஊர்களுக்கு வருகிறேன். ஜெனீவா சுத்தமான, ஒழுங்கான நகரம். ஏரிக்கரையை ஒட்டி 140 மீட்டர் உயரத்துக்கு எழும் நீரூற்றும், ஏரியில் ஓடும் பழைய நீராவிக் கப்பல்களும் அழகுதான். ஆனால் அங்கே அழகு ஏரிக்குச் சொந்தம், தெருக்களுக்கு அவ்வளவாக இல்லை. விலையோ பாரிஸையே மலிவாக்கிவிடும். கியூபெக் 1608இல் பிரெஞ்சுக்காரர்கள் நிறுவிய நகரம். கோட்டைச் சுவருக்குள் அமைந்த அதன் பழைய பகுதி பனிக்காலத்தில் உண்மையிலேயே மயக்கும். அதற்குக் கனடா விசா தனியாக வேண்டும், விமானம் மாறி மாறிப் போக வேண்டும், நீங்கள் போகும் மாதத்தில் பனியும் இருக்காது. பட்டு நெசவாளர் தெருக்களும் கட்டடங்களுக்குள் புகுந்து போகும் ரகசிய வழிகளும் கொண்ட, பிரான்ஸிலேயே உள்ள லியோன் எனக்கு மிகவும் பிடித்த நகரம். ஆனாலும் குடலையும் பன்றி இறைச்சியையும் பெருமையாகப் பரிமாறும் அந்த ஊர் உணவகங்களில் உங்கள் கணவர் ரொட்டியையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெல்ஜியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸுக்குப் பாரிஸிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். அதன் புகழ்பெற்ற பெரிய சதுக்கத்தைப் பார்த்துவிட்டு மாலையே திரும்பிவிடலாம்.

இரண்டாவது ஊர் ஒன்று வேண்டுமென்றால் பிரான்ஸின் கிழக்கு எல்லையிலுள்ள ஸ்ட்ராஸ்பூர்க் போங்கள். பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. 1871க்கும் 1944க்கும் இடையே ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் மாறி மாறிக் கைமாறிய நகரம் என்பதால், மரச்சட்ட வீடுகள் ஜெர்மானிய முறையிலும் நடத்தை பிரெஞ்சு முறையிலும் இருக்கும். கால்வாய்களை ஒட்டிய பழைய பகுதியில், தோல் பதனிடுவோர் வாழ்ந்த வீடுகளின் கூரைகள் தோல் உலர்த்துவதற்காகத் திறந்த மாடங்களோடு சரிவாக இறங்குவதை இன்றும் காணலாம். இளஞ்சிவப்புக் கல்லால் ஆன பேராலயம் 142 மீட்டர் உயரம். 1874 வரை இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக உலகின் மிக உயரமான கட்டடமாக இருந்தது. மாலை வெயில் பட்டால் அந்தக் கல்லின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். சிறிய நகரம் என்பதால் எங்கும் நடந்தே போகலாம்.

முகவரின் ஐந்து நாட்டுத் திட்டத்தை மரியாதையோடு மறுத்துவிடுங்கள். பாரிஸில் ஆறு நாட்கள், ஸ்ட்ராஸ்பூர்கில் மூன்று என்று வைத்துக்கொண்டால் அதே ஒன்பது நாட்கள்தான். இரண்டும் பிரான்ஸிலேயே இருப்பதால், பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஒன்றே போதும். அதிக நாள் தங்கும் நாட்டின் விசா மையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் உங்களுக்குப் பிரான்ஸ், அதற்குச் சென்னையிலேயே மையம் உண்டு. கட்டணம் ஒருவருக்கு 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை நெருங்க நெருங்க நேரம் கிடைப்பது கடினமாகும் என்பதால் தை, மாசியிலேயே முடித்துவிடுவது நல்லது.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் விசாரிக்காமல் எதையும் வாங்க வேண்டாம். வெங்காய சூப் என்று பெயர் இருக்கும், பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறில் கொதித்திருக்கும். கறுப்புக் கோதுமை எனப்படும் பக்வீட் மாவில் தோசை மாதிரியே வார்க்கும் கலெத் என்ற பண்டத்தில் பாலாடைக்கட்டியும் காளானும் மட்டும் வைக்கச் சொன்னால் நல்ல மதிய உணவு. மாரே பகுதியின் ரோஸியே தெருவில் யூதர்கள் நடத்தும் ஃபலாஃபல் (கொண்டைக்கடலை வடை) கடைகள் உண்டு. வெள்ளி மாலை முதல் சனிக்கிழமை வரை அவற்றில் பல மூடியிருக்கும். மூன்றாம் நாள் உங்கள் கணவர் சோறு கேட்பார். அப்போது கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா சப்பல் பகுதிக்கு அழைத்துச் செல்லுங்கள். ஈழத் தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கும் அந்தத் தெருவில் தமிழில் பேசித் தோசையும் இடியப்பமும் வாங்கலாம். அருகிலேயே மாணிக்க விநாயகர் ஆலயமும் இருக்கிறது. திருமண நாளன்று காலையில் அர்ச்சனைக்கு வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

மொழி தெரியாதது பெரிய தடை இல்லை. வணக்கம் சொல்லாததுதான் தடை. கடைக்குள் நுழைந்ததும் "பொன்ஜூர்" என்று சொல்லாமல் நேராக விலை கேட்டால், அவர்கள் கணக்கில் அது மரியாதைக் குறைவு, முகம் இறுகிவிடும். பிரெஞ்சுக்காரர்கள் திமிர் பிடித்தவர்கள் என்று திரும்பி வந்து சொல்பவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு சொல்லை விட்டவர்கள் என்பது என் கணிப்பு. இறைச்சியும் மீனும் வேண்டாம் என்பதற்கு "சான் வியாந்த், சான் புவாசோன்" என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உணவகத்தில் குழாய்த் தண்ணீர்க் குடுவை இலவசம், கேட்டு வாங்குங்கள்.

தங்குவதற்கு ஐந்தாம் வட்டாரத்தைப் பாருங்கள். நதிக்கும் லக்ஸம்பர்க் தோட்டத்துக்கும் நடந்தே போய்விடலாம். மே இறுதியில் தொடங்கும் பிரெஞ்சு ஓப்பன் டென்னிஸ் போட்டிகளால் அந்த வாரங்களில் அறை வாடகை ஏறும் என்பதால், விசாவுக்குக் காத்திருக்காமல், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பார்த்து இப்போதே பதிவு செய்துவிடுங்கள். லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமையும் ஓர்சே திங்கள்கிழமையும் மூடியிருக்கும். இரண்டில் ஒன்று போதும், நான் ஓர்சேவைச் சொல்வேன். ஸ்ட்ராஸ்பூர்க் ரயில் டிக்கெட்டைத் தேதி முடிவானதும் எடுத்துவிடுங்கள்; கடைசி வாரத்தில் அதே இருக்கைக்குப் பல மடங்கு கூடுதலாகக் கேட்பார்கள்.