158-ஐ விட 41 முக்கியம்

கேள்வி: எனக்கு 43 வயது. மன்னார்குடி பக்கம் கிராமம். முகாமில் ரத்தம் எடுத்ததில் கெட்ட கொழுப்பு 158 என்று வந்தது. கொழுப்பு கூடினால் மார்பகப் புற்றுநோய் வரும் என்கிறார்களே, உண்மையா? என் அத்தைக்கு 41 வயதில் அது வந்து, ஆபரேஷன் செய்து இப்போது நன்றாக இருக்கிறார். அப்பாயிக்கும் வந்தது. அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன். அம்மா வழியில் யாருக்கும் இல்லை, அதனால் பயமில்லை என்கிறார்கள். கொழுப்பு மாத்திரை போட்டால் போதுமா?

பதில்: சகோதரி, நீங்கள் 158-ஐப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அத்தையின் 41. இவ்வளவு இளம் வயதில் வந்தால், அது குடும்பத்தில் வழிவழியாக இறங்குவதாக இருக்கலாம்.

கொழுப்புக்கும் இந்த நோய்க்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். கொலஸ்ட்ராலிலிருந்து உடலில் உண்டாகும் ஒரு பொருள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போலவே வேலை செய்து கட்டியை வளர்ப்பதை 2013-இல் எலிகளில் கண்டார்கள். பிறவியிலேயே கெட்ட கொழுப்பு கூடுதலாக இருக்கும்படி மரபணு அமைந்தவர்களுக்கு அபாயம் கொஞ்சம் கூடுதல் என்று 2018-இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆச்சரியம் என்னவென்றால், நல்ல கொழுப்பு கூடியவர்களுக்கும் அப்படியே. ஆனால் இந்தக் கூடுதல் மிகச் சிறியது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை இதயத்துக்காக உங்கள் டாக்டர் எழுதினால் தாராளமாகப் போடுங்கள். மார்பகத்துக்குக் காவலாக அதை நம்ப வேண்டாம்.

சரி, அத்தைக்கு வருவோம். உங்கள் கடிதத்தை வைத்து ஒரு தாளில் வரைந்து பார்த்தேன், பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். அப்பாயியின் வட்டத்திலிருந்து இரண்டு கிளை: உங்கள் அப்பா, அத்தை. இரண்டும் உங்கள் கல்யாணத்தில் மறுபடி சேர்ந்து உங்கள் பிள்ளைகளிடம் வந்து நிற்கின்றன.

‘அம்மா வழியில் இல்லை’ என்று யாரோ சொன்ன அந்த ஆறுதல்தான் தவறு. பிராக்கா-1, பிராக்கா-2 என்ற மரபணுக்களில் கோளாறு இருந்தால், அது அப்பா வழியாகவும் அதே பாதிக்குப் பாதி வாய்ப்பில் இறங்கும். தனக்கு ஒரு நோயும் இல்லாமலேயே அப்பா அதை மகளுக்குக் கொடுத்துவிடலாம். அந்தக் கோளாறு உள்ள பெண்களில் நூற்றுக்குச் சுமார் 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருகிறது. அப்பாயியிடமிருந்து அத்தைக்கு அது வந்திருந்தால், உங்கள் கணவரிடம் இருக்கப் பாதி வாய்ப்பு, உங்களிடம் கால்வாசி. முக்கால்வாசி வாய்ப்பு உங்களிடம் இல்லை என்பதற்குத்தான், அதையும் மனதில் வையுங்கள்.

முதலில் சோதிக்க வேண்டியது அத்தையை. நோய் வந்தவரிடம் கோளாறு எது என்று தெரிந்தால்தான், மற்றவர்களிடம் அந்த ஒன்றை மட்டும் தேட முடியும். கொஞ்சம் ரத்தம் போதும். உங்கள் பிள்ளைகளுக்கு இப்போது எந்தச் சோதனையும் வேண்டாம், வளர்ந்த பிறகு அவர்களே முடிவு செய்யட்டும்.

அதுவரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். இந்த மாதமே மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுங்கள், அப்புறம் வருடம் ஒருமுறை. குளிக்கும்போது புளியங்கொட்டை அளவு கட்டி தட்டுப்பட்டாலும், தோல் உள்ளிழுத்தாலும் உடனே வாருங்கள். ‘வலிக்கவில்லையே’ என்று நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும் என முந்தானைக்குள் மறைத்துவைத்துத் தாமதமாக வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இந்தக் கட்டி பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிக்காது.

வரும்போது அத்தையையும் கூட்டி வாருங்கள். கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதித்த அவருடைய பழைய பயாப்சி ரிப்போர்ட் பரணில் கிடந்தாலும் தேடி எடுத்து வாருங்கள்.